உரிக்காத தாள்

அத்தியாயம் 11

மாமியாருக்கு நூறு. மருமகளுக்கு அறுபத்தொன்று.

அக்கா அந்த இரண்டு எண்களையும் மூன்றாவது தடவையாகச் சரிபார்த்துவிட்டு, அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். அப்போது மணி ஒன்பதரை. மூன்று வாரமாக அவளைத் தூங்கவிடாமல் அடித்த வேலை ஒரு கையெழுத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்தாள். பாவம், அப்படித்தான் நினைத்தாள்.

இடையில் ஓரிரு வாரம் விட்டுப்போனவர்களுக்கு ஒரு வார்த்தை. மாமியாரும் மருமகளும் மனுஷிகள் இல்லை. தீப்பெட்டியைவிடச் சிறிய இரண்டு பிராசசர்கள். கணினியின் மூளை என்று பள்ளிக்கூடத்தில் எழுதிப் போடுவார்களே, அந்தச் சமாச்சாரம். பள்ளிகளுக்கு அறுநூறு கணினி வாங்கப்போகிற குழு ஒன்று, இரண்டு விற்பனையாளர்கள் கொடுத்த மாதிரிகளை அக்கா வேலை பார்க்கிற சோதனைக்கூடத்துக்கு அனுப்பியிருந்தது. எது வேகம், கொடுக்கிற காசுக்கு எது உருப்படி என்று சொல்ல வேண்டும். யார் கொடுத்தது என்று சோதிப்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதால், வந்ததும் பெயரை மறைத்து ஒரு பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். விலை உசத்தியானது மாமியார் ஆயிற்று. முக்கால் விலைக்கு வந்தது மருமகள். பெயர் வைத்தவர் அக்காவின் கணவர். வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர்தான் அந்தக் கூடத்தின் ஃபிட்டர். வருகிற கணினியிலிருந்து பிராசசரைக் கழற்றி, கூடத்தின் சொந்தப் பலகையில் மாட்டிக் கொடுப்பது அவர் வேலை. இரண்டுக்கும், மேலே உட்கார்ந்து சூட்டை இழுத்துக்கொள்கிற ஒரே மாதிரிக் கூலர், ஒரே நினைவகம், ஒரே மின்சாரம். அப்போதுதான் போட்டி நியாயமாக இருக்கும்.

பெயரை மறைத்தால் ஆளை மறைக்க முடியுமா என்ன? மருமகள் வந்த பெட்டியைத் திறந்த அன்றைக்கே அக்காவுக்குத் தெரிந்துபோயிற்று. உள்ளே வயர்களைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டைகளின் முனை ஒவ்வொன்றும் நகவெட்டியால் வெட்டி, கையில் குத்தாதபடி வழித்துவிடப்பட்டிருந்தது. உலகத்தில் அப்படிச் செய்கிற ஆள் ஒருவன்தான். அவள் தம்பி.

அன்றே மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். மேலாளருக்குக் கூடத்தில் தராசு என்று பெயர். எதைக் கேட்டாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, பிறகு மறுபக்கம் சாய்த்து, அப்புறம்தான் பேசுவார். "வேற ஆள் எங்கம்மா இருக்கு? நீயே பண்ணு. உன்னை எனக்குத் தெரியும்," என்றார் அன்று.

அந்த ஒரு சொல் அவளை என்ன பாடு படுத்திற்று என்பது அவளுக்குத்தான் தெரியும். தம்பியின் பட்டறையில் எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். இந்த அறுநூறு கணினி கிடைக்காவிட்டால் மாசக் கடைசியில் பட்டறையை மூட வேண்டியதுதான் என்று அவன் வாய்விட்டுச் சொல்லியிருந்தான். அதற்காகவே அவள் மருமகளிடம் கொஞ்சம் கூடுதலாகக் கறார் காட்டினாள்.

அரைமணி நேர ஓட்டம் என்று ஒரு சோதனை உண்டு. பிராசசரை அரைமணி நேரம் மூச்சுவிடாமல் வேலை வாங்குவது. மருமகள் முதல் இரண்டு நிமிஷம் மாமியாருக்குச் சரிக்குச் சரியாக ஓடிற்று. அப்புறம் கொதித்துப்போய், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, கடைசிவரை நொண்டிற்று. அறுபத்தொன்று. எழுபதுக்குக் கீழே வாங்கினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம் என்பது குழுவின் நிபந்தனை.

இவ்வளவு ஏன் சூடாகிறது என்று அப்போது அவள் மனம் ஒரு தரம் கேட்டது. வேறு யார் வீட்டுச் சாமானாக இருந்தாலும் அப்போதே ஓட்டத்தை நிறுத்திப் பிரித்துப் பார்த்திருப்பாள். இது தம்பியுடையது. தம்பிக்காகப் பிரித்துப் பார்த்தாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. விலை குறைந்தது, சூடாகத்தான் செய்யும் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

அறிக்கையைத் தராசு கையில் எடுத்துக்கொண்டு பத்து மணிக்குக் குழுவின் அலுவலகத்துக்குக் கிளம்பிப் போனார்.

*

பன்னிரண்டு மணிக்கு மேசையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த சோதனைக்குச் சாமான் வந்து வாசலில் காத்திருந்தது.

கூலரைக் கழற்றுவதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு பேர் இருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன்னால் ஒரு போட்டோ, கழற்றியதும் தலைகீழாகப் பிடித்து ஒரு போட்டோ. இந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியதே அக்காதான். கூட வேலை பார்க்கிற பெண் பல் வலி என்று காலையிலேயே போய்விட்டாள். கணவர் கிடங்குக்குப் போயிருந்தார். போட்டி முடிந்து, அறிக்கையும் போய்ச் சேர்ந்திருக்கும், இனிமேல் எதற்குப் போட்டோ என்று அவளும் நாலு ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டாள்.

மாமியாரின் கூலர் சொன்னபடி கையோடு வந்தது. மருமகளின் கூலர் மட்டும் ஒரு சத்தத்தோடு வந்தது. ஒட்டுச்சீட்டைப் பிரிக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

திருப்பிப் பார்த்தாள். கூலரின் அடிப்புறம் செம்புத் தகடு. அந்தத் தகட்டின்மேல், உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற மாதிரி, ஒரு பிளாஸ்டிக் தாள். புதுக் கூலர் வரும்போது தகட்டில் கீறல் விழாமல் இருக்க ஒட்டி அனுப்புவார்கள். ஓரத்தில் சிவப்பெழுத்தில் எடுத்துவிடவும் என்று ஒரு வால் இருக்கும். இதில் அந்த வால் பிய்ந்துபோய், தாள் மட்டும் மிச்சம் இருந்தது. பிராசசரின் சூட்டை வாங்க வேண்டிய செம்பு, மூன்று வாரமும் இந்தத் தாளுக்கு அந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது.

அக்கா அதை நகத்தால் நெம்பி உரித்தாள். இருபது வருஷப் பழக்கம், கைக்கு யோசிக்கத் தெரியவில்லை. உரித்து, கூலர் ஒரு கையிலும் தாள் ஒரு கையிலுமாக நின்றபோதுதான், தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. போட்டோ இல்லை. பக்கத்தில் ஆள் இல்லை. தாள் கூலரில் ஒட்டியிருந்தது என்பதற்கு இனி அவள் ஒருத்தியின் வாய்தான் சாட்சி. அவளோ கொடுத்தவனின் அக்கா.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டே கால்.

அப்புறம் அவள் செய்தது விதிக்கு விரோதம். ஆனால் செய்யாமல் இருந்திருந்தால் அவளுக்கு மண்டை வெடித்திருக்கும். கதவைத் தாழிட்டாள். மருமகளைத் துடைத்து, சூட்டைக் கூலருக்குக் கடத்துகிற பேஸ்ட்டைப் புதிதாக வைத்து, கூலரைத் திரும்ப மாட்டி, அரைமணி ஓட்டத்தைத் தட்டிவிட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஐந்து ஆயிற்று. பத்து. சூடு அறுபத்தெட்டு டிகிரியில் போய் நின்றது, நகரவே இல்லை. மருமகள் சத்தமில்லாமல் வேலையைப் பார்த்துக்கொண்டே போனாள்.

கடைசியில் வந்த எண் தொண்ணூற்று நாலு. அதுவும் முக்கால் விலைக்கு.

அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷமா துக்கமா என்று பிரித்துச் சொல்லத் தெரியாத அழுகை. அதைச் சீக்கிரமே துடைத்துக்கொண்டாள், ஏனென்றால் அதற்குள் அடுத்த நினைப்பு வந்துவிட்டது. கூலரை மாட்டியது யார்?

அந்தக் கூடத்தில் கூலர் மாட்டுகிற ஆள் ஒருவர்தான்.

அவருக்குக் கண் சரியில்லை என்பது ஆறு மாதமாக அவளுக்குத் தெரியும். தம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றியதைப் போன வாரம் பார்த்தோமே. இரண்டு மாதத்துக்கு முன் வயரை மாற்றிச் செருகி ஒரு மதர்போர்டைக் கருக்கினார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டில் உட்கார்ந்துவிடலாம் என்று தராசு எழுத்தில் கொடுத்துவிட்டார். அந்தக் கடிதத்தை அவர் மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். கண் டாக்டரிடம் போகலாம் என்றால், "கண்ணாடி பழசாயிடுச்சு, அவ்வளவுதான்," என்று பேச்சை மாற்றிவிடுவார்.

தாளைக் கைக்குட்டையில் மடித்துப் பைக்குள் போட்டாள்.

*

ஒன்றரைக்குத் தம்பி கூப்பிட்டான்.

"சாப்பிட்டியாக்கா?"

"ம். நீ?"

"இனிமேதான். இங்க எட்டுப் பேரும் என்னைச் சுத்தி உக்காந்திருக்காங்க. போன் பண்ணிக் கேளு, போன் பண்ணிக் கேளுன்னு உயிரை வாங்கறாங்க. நான் கேக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். கேட்டா உனக்குக் கஷ்டம்."

"ம்."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். அதுல தப்பில்ல. சோதனையெல்லாம் ஒழுங்கா நடந்துச்சுல்ல?"

அவள் முன்னால் திரையில் தொண்ணூற்று நாலு அப்படியே நின்றுகொண்டிருந்தது. கதவுக்கு வெளியே கணவரின் செருப்புச் சத்தம் கேட்டது. கிடங்கிலிருந்து சுவரை ஒட்டி, ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே வருவார். அந்தச் சத்தத்தை அவள் எங்கிருந்தாலும் அடையாளம் கண்டுபிடிப்பாள்.

"அக்கா? இருக்கியா?"

"நடந்துச்சுடா," என்றாள்.

"அது போதும். எனக்கு அது போதும். ஒழுங்கா நடந்து தோத்தாலும் பரவாயில்ல," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

திரையில் இருந்த எண்ணை அழித்தாள். கதவைத் திறந்தாள். "எதுக்குத் தாழ்ப்பாள்? காத்து வரட்டும்," என்றார் கணவர்.

*

தராசு இரண்டரைக்குத் திரும்பி வந்தார். அக்கா அவர் அறைக்குப் போய் உட்கார்ந்தாள். என்ன சொல்லப்போகிறோம் என்று தீர்மானித்துக்கொண்டு போகவில்லை. போனால் வாய் தானாகச் சொல்லிவிடும் என்று நினைத்தாள்.

"சார், மருமகள் அவ்வளவு சூடானதுக்கு சிப் காரணமா இல்லாம இருக்கலாம்."

"வேற என்ன?"

"கூலர் சரியா உக்காராம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாமா, இருந்துச்சா?"

"இருந்துச்சு."

தராசு தலையை இடப்பக்கம் சாய்த்தார். "எப்பப் பார்த்த?"

"இன்னிக்கு. கழட்டும்போது."

"கூட யாரு?"

"யாரும் இல்ல."

"போட்டோ?"

"எடுக்கல சார்."

தலை வலப்பக்கம் போயிற்று. அங்கேயே வெகுநேரம் நின்றது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அறிக்கையைக் கொடுத்துட்டேன்மா. கொடுத்ததைத் திருப்பிக் கேக்கற அதிகாரம் நமக்குக் கிடையாது. ஆட்சேபனை சொல்லணும்னா சாமான் கொடுத்தவங்கதான் சொல்லணும். நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும் நேரம் இருக்கு. அதுவும் கையில ஏதாவது ஆதாரம் வச்சுக்கிட்டு வரணும். மருமகளைக் கொடுத்தது யாருன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"தெரியும் சார்."

"நான் உன்னை நம்பறேன். தம்பின்னு நீயா வந்து சொன்னியே, அன்னிக்கே நம்பினேன். ஆனா தம்பி தோத்த அன்னிக்கே அக்கா வந்து சோதனை தப்புன்னு சொன்னா, வெளியில என்ன பேசுவாங்க? இனிமே இந்தக் கூடம் கொடுக்கற எந்த எண்ணையாவது எவனாவது மதிப்பானா?"

அவள் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு இருக்கு," என்றார் தராசு. குரல் தணிந்துவிட்டது. "அந்தக் கூலரை மாட்டினது யாருன்னு நான் உன்னைக் கேக்கணும். கேட்டா நீ பதில் சொல்லணும். சொன்னா நான் எழுதிக்கணும். எழுதிட்டா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல." மேசையில் கிடந்த பேனாவை எடுத்தார். "கேக்கட்டுமா?"

கேளுங்கள் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடியில் எட்டுப் பேரின் வேலை இருந்தது, தம்பியின் பட்டறை இருந்தது. கூடவே, சட்டைப் பையில் மடித்து வைத்த கடிதத்தோடு சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கிற ஒரு மனிதரும் இருந்தார். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒருவர் காலை மிதித்துத்தான் ஆக வேண்டும். நகராமல் நின்றாலும் மிதித்ததுதான்.

"வேண்டாம் சார்," என்றாள்.

தராசு தலையாட்டினார். எதற்குத் தலையாட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

*

ஐந்து மணிக்கு இருவரும் வழக்கம்போல் நடந்தே வீட்டுக்குக் கிளம்பினார்கள். கணவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பார்க்கிறவர்கள் இந்த வயசிலும் என்ன அன்னியோன்னியம் என்று நினைப்பார்கள். கூடத்துப் பெண்கள் அப்படிச் சொல்லிக் கேலியும் செய்திருக்கிறார்கள்.

சாலையைக் கடக்கிற இடத்தில் நின்றார்கள். விளக்கு பச்சைக்கு மாறியது. அவர் நகரவில்லை. அவள் அசையட்டும் என்று காத்திருந்தார். அவள் காலெடுத்து வைத்ததும் அவரும் வைத்தார்.

"இன்னிக்கு முடிஞ்சுதா நம்ம மாமியார் மருமகள் பஞ்சாயத்து?"

"முடிஞ்சுது."

"யாரு ஜெயிச்சா? சரி, சொல்லாத, சொல்லாத." தானே கையை வீசிக்கொண்டார். "யாரு ஜெயிச்சாலும் என் பக்கத்துல ஒரு குறை சொல்ல முடியாது. இந்தத் தடவை எவ்வளவு ஜாக்கிரதையா மாட்டினேன் தெரியுமா? ஒரு ஒரு கூலரையும் அடிப்பக்கம் விரலை வச்சுத் தடவிப் பார்த்துத்தான் மாட்டினேன். கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்துச்சு. ஒரு தூசி இல்ல."

அவள் நின்றுவிட்டாள். செம்புத் தகடும் வழவழப்புத்தான். அதன்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளும் வழவழப்புத்தான். விரலுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியும்? கண்ணுக்கல்லவா தெரியும்.

"என்ன நின்னுட்ட?"

"செருப்புல கல்லு."

"எடுத்துட்டு வா, மெதுவா வா." பிடியை விடாமல் நின்றார். "இங்க பாரு, நான் ஒண்ணு சொல்லட்டுமா? இன்னும் ரெண்டு வருஷம். ரெண்டு வருஷத்தை ஓட்டிட்டேன்னா, மானத்தோட வெளியே வந்துடுவேன். அப்புறம் நீ எந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாலும் வர்றேன்."

இந்த ஆறு மாதத்தில் கண்ணைப் பற்றி அவராக வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. இன்றைக்கா அதைச் சொல்ல வேண்டும்? சொல்லாமலே இருந்திருந்தால் ஒருவேளை அவள் சொல்லியிருப்பாள்.

இல்லாத கல்லை எடுத்துப் போட்டுவிட்டு அவள் நடந்தாள்.

*

ஏழு மணிக்குத் தம்பி வந்தான். வியாழக்கிழமை என்றால் அவன் ராத்திரிச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். வரமாட்டான் என்று அவள் எதிர்பார்த்தாள், வராமல் இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். வந்தான். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

ரொட்டியும் முட்டையும் வைத்தாள். சின்னச் சமையலறை, சுவரோரம் ஒரு மேசை, மூன்று நாற்காலி. கணவருக்கு வலப்பக்கம் தட்டு, இடப்பக்கம் தம்ளர், எப்போதும் அதே இடத்தில் வைப்பாள்.

"அஞ்சரைக்கு போன் வந்துச்சு," என்றான் தம்பி. "என்னோடதுக்கு மருமகள்னு பேராம். அறுபத்தொண்ணாம்."

"என்னடா சொல்ற?" கணவர் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். "அந்த மருமகள் உன்னோடதா? அடப்பாவி, எனக்குத் தெரியாதே. நான்தான்டா மாட்டினேன்."

"தெரியக் கூடாதுல்ல மாமா. அதான் விதி."

"அறுபத்தொண்ணு ரொம்பக் கம்மியா இருக்கேடா. நல்ல சிப்புன்னு சொல்லிட்டிருந்தியே."

"சூடு தாங்கலயாம். நான் என் பட்டறையில ஓட்டினப்போ தொண்ணூறுக்குக் கீழ வந்ததே இல்ல மாமா. அதான் எனக்குப் புரியல. அங்க கொடுத்த சிப்பு மட்டும் பழுதோ என்னமோ." தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பசங்க சண்டைக்கே வந்துட்டாங்க. ஆட்சேபனை போடு, போடுன்னாங்க. நான் சொல்லிட்டேன், அளந்தது எங்கக்கா. தம்பின்னுகூடப் பார்க்க மாட்டா, அதே மாதிரி தம்பின்னு அமுக்கவும் மாட்டா. அவ அறுபத்தொண்ணுன்னா அறுபத்தொண்ணுதான். மத்தியானம் அவ வாயாலயே கேட்டுக்கிட்டேன், ஒழுங்கா நடந்துச்சுன்னு. எவன்கிட்ட போய் ஆட்சேபனை போடறது?"

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அணைந்திருந்த அடுப்பை இன்னொரு தரம் அணைத்தாள்.

"பட்டறை?" என்று கேட்டார் கணவர்.

"நாளைக்குச் சாயங்காலம் எட்டுப் பேரையும் உக்கார வச்சுப் பேசணும்."

"மனசை விட்டுடாதடா." கணவர் அவன் தோளைத் தட்டக் கை நீட்டினார். கை தம்ளரில் பட்டது. தண்ணீர் மேசை முழுக்க ஓடிற்று.

"ஐயோ, இருங்க, நான் துடைக்கிறேன்," என்று அவள் திரும்புவதற்குள் அவர் பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் பையைத் தடவி, கைக்குத் தட்டுப்பட்ட கைக்குட்டையை உருவிவிட்டார். உதறி, மேசையில் போட்டு, வட்டம் வட்டமாகத் துடைக்க ஆரம்பித்தார்.

தாள் ஈரத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

கணவரின் விரல் அதன்மேல் போயிற்று. நின்றது. நகத்தால் ஒரு தரம் சுரண்டிப் பார்த்தார். "என்னமோ வழவழன்னு இருக்கே," என்றார். குனிந்து மேசைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து துடைத்தார்.

தம்பி பார்த்தான்.

பத்து வருஷமாகக் கணினி பூட்டுகிறவன். தினம் பத்துத் தாளாவது உரித்துக் குப்பையில் போடுகிறவன். அது என்ன என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாளின் நடுவில் சாம்பல் நிறப் பேஸ்ட் காய்ந்து ஒரு கறையாகப் பதிந்திருந்தது. மாமியார் சதுரம். மருமகள் நீள்சதுரம். கறை நீள்சதுரமாக இருந்தது.

அவன் அக்காவைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்த்தான். தண்ணீர் இல்லாத இடத்தை அவர் கவனமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மறுபக்கம் சொட்டிக்கொண்டிருந்தது. மேசையை, கைக்குட்டையை, அவர் விரல்களை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பார்த்து முடித்தபோது அவன் முகத்தில் இருந்த களைப்பு போய்விட்டது. அந்த இடத்தில் என்ன வந்தது என்று அக்காவால் படிக்க முடியவில்லை. சின்ன வயசிலிருந்து அவன் முகத்தைப் படித்தவள் அவள்.

"மாமா," என்றான். "என்னோடதுக்குக் கூலரை நீங்கதான் மாட்டினீங்களா?"

"நானேதான்டா. அதுல ஒரு குறையும் இல்ல. தடவிப் பார்த்து மாட்டினேன்."

"சரி மாமா."

அவன் இரண்டு விரலால் தாளை மேசையிலிருந்து எடுத்தான். சட்டையில் ஈரத்தை ஒற்றி, மடிக்காமல், மேல் பையில் வைத்துக்கொண்டான். பாதித் தட்டோடு எழுந்து கை கழுவினான்.

"என்னடா, அதுக்குள்ள?"

"பசிக்கல மாமா. காலைல வேலை இருக்கு."

அக்கா வாசல்வரை பின்னாலேயே போனாள். அவளுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. மாமாவுக்குத் தெரியாது என்று சொல்லலாம். கடிதத்தைப் பற்றிச் சொல்லலாம். தொண்ணூற்று நாலு என்று சொல்லலாம், அதையாவது சொல்லலாம். காலை பத்து மணிக்குப் போ என்றும் சொல்ல முடியவில்லை, போகாதே என்றும் சொல்ல முடியவில்லை. வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டான்.

"எப்ப பார்த்த?"

"மத்தியானம்."

"மத்தியானம்னா?"

"பன்னெண்டே கால்."

ஒரு செருப்பின் வாரை அவன் வெகுநேரம் சரிசெய்துகொண்டிருந்தான்.

"நான் உனக்கு போன் பண்ணது ஒன்றரைக்கு," என்றான்.

படியில் இறங்கிப் போய்விட்டான். கீழே தெருக்கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

உள்ளேயிருந்து கணவர் குரல் கொடுத்தார். "அவன் போயிட்டானா? நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், நானே துடைச்சுட்டேன். வந்து பாரு."

வந்து பார்த்தாள். பாதி மேசை ஈரமாகவே இருந்தது. அவர் கைக்குட்டையைப் பிழிந்து மடித்து, அவள் பாராட்டுக்காக முகத்தை அவள் நிற்கிற பக்கம் என்று தான் நினைத்த பக்கம் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"சுத்தமா இருக்குங்க," என்றாள்.